எண்ணெய் டின்ன தூக்கி தராசுல வைங்க

ஆசிரியர் அண்ணாச்சிக்கு வணக்கம்.

சின்ன ஹோட்டல்காரங்க இஷ்டத்துக்கு தோசை விலைய ஏத்துதாங்கன்னு போன வாரம் ஒரு வாசகர் உங்க பேப்பர்ல எழுதியிருந்தாரு. நான் பாளையங்கோட்டையில இருபது வருசமா மெஸ் நடத்துதேன், அவர் மேல கோவமெல்லாம் இல்ல, பாதி நியாயம்தான். மீதி பாதி எங்க பின்வாசல்ல கிடக்கு, அத யாரும் எழுதுததில்ல.

காலைல ஏழரைக்கு டிபன் கூட்டம் அள்ளும், அந்த நேரம் பாத்துதான் லோடு ஆட்டோ வந்து நிக்கும், "அண்ணாச்சி சீக்கிரம் கையெழுத்து போடுங்க, அடுத்து வண்ணார்பேட்டைக்குப் போணும்"ன்னு அவன் அவசரம் அவனுக்கு, நானும் பில்ல வாங்கி கல்லாவுக்குள்ள சொருவிட்டு சரக்க உள்ள இறக்கச் சொல்லிருவேன். எடையாவது ஒண்ணாவது.

இப்படியே ரெண்டு வருசம் 15 லிட்டர் எண்ணெய் டின்ன 15 கிலோன்னு நெனச்சு வாங்கிட்டு இருந்திருக்கேன். ஒரு லிட்டர் எண்ணெய் சுமாரா 910 கிராம்தான் நிக்கும், 15 லிட்டர்னா 13 கிலோ 650 கிராம். டின்னுக்கு 1 கிலோ 350 கிராம் அடி. டின்லயே லிட்டர்னு தெளிவா அச்சடிச்சிருக்கு, படிக்காதது என் தப்பு, மோசடின்னு எவன்கிட்ட போய் சொல்ல? பக்கத்து கடைக்காரர் கிலோ டின் வாங்குதாரு, எனக்கு சரக்கு போடுதவன் "உங்களுக்காக அம்பது ரூவா கொறச்சிருக்கேன்"ன்னு லிட்டர் டின்ன தலையில கட்டியிருக்கான், சவம், இப்ப நெனச்சாலும் வயிறு எரியுது.

அரிசியும் அப்படித்தான். 2022 ஜூலைல 25 கிலோ வரைக்கும் உள்ள பாக்கெட் அரிசிக்கு 5 சதவீதம் ஜிஎஸ்டி வந்ததும் 26 கிலோ சிப்பம் போட ஆரம்பிச்சாங்க. சரிதான், ஆனா சாக்குல 26ன்னு இருக்க ஒரு சிப்பம் எங்க தராசுல 25 கிலோ 400 தான் காட்டிச்சு. தக்காளிப் பெட்டிய பெட்டியோடயே நிறுத்து காசு வாங்குததெல்லாம் தனிக் கதை, மழ நாள்ல பல்லாரி வெங்காய மூடை ஈரச் சாக்கோட வரும், அந்தத் தண்ணிக்கும் நாமதான் காசு குடுக்கணும்.

வாங்குனத வைக்கிறதுலயும் நான் கெட்டிக்காரன் இல்ல. 2023 டிசம்பர் வெள்ளத்துல கொக்கிரகுளத்துல இருந்த எங்க ஸ்டோர் ரூம்ல தண்ணி ஏறிட்டு, மூடைய வெறுந்தரையில அடுக்கியிருந்தேன், அடி வரிசை அம்புட்டும் நாறிப்போச்சு. அந்த வெள்ளத்துக்கு பலகை போட்டிருந்தாலும் தாங்கியிருக்காது, ஆனா சாதா மழைக்கே தரை ஓதம் ஏறி அரிசி வண்டு பிடிக்கும்லா. இப்ப அரை அடி உயரத்துல பலகை, சுவத்த விட்டு ஒரு சாண் தள்ளி. ஒவ்வொரு மூடையிலயும் வந்த தேதிய மார்க்கர்ல எழுதுதோம், பழசுதான் முதல்ல வெளிய வரணும். உளுந்துக்கு இது ரொம்ப முக்கியம், பழைய உளுந்து கிரைண்டர்ல பொங்காது, மாவு காணாது, மாஸ்டர் பாவம் அம்பை 16 அரிசியத்தான் குத்தம் சொல்லிட்டு இருந்தாரு. பால், மீன் வச்சிருக்க பிரிட்ஜ் 5 டிகிரிக்கு மேல போகக்கூடாதுன்னு ஒரு தெர்மாமீட்டரும் தொங்க விட்டிருக்கேன்.

இப்ப பாலும் கீரையும் தவிர எல்லா சரக்கும் மதியம் மூணு மணிக்கு மேலதான் வரணும்னு சொல்லிட்டேன். டிரைவர் மூஞ்சிய சுளிக்கான், "நீங்க ஒராளுதான் அண்ணாச்சி ஒவ்வொண்ணா எடை போட்டு பாக்கிய"ங்கான்.

தொழிலாளர் துறைக்காரங்கதான் தராசுக்கு முத்திரை குத்துதாங்க. நயினார்குளம் மார்க்கெட் வாசல்ல அவங்க பொறுப்புல ஒரு பொதுத் தராசு வச்சா என்ன? வாங்குனவன் சும்மா ஒரு தடவ தூக்கி வச்சுப் பாத்துட்டுப் போவான். உங்க பேப்பர்ல இத கொஞ்சம் பெருசா போடுங்க.

தோசை விலை எழுதுன அந்த வாசகரும் ஒருநாள் மூணு மணிக்கு எங்க பின்வாசலுக்கு வரட்டும், காப்பி நான் தாரேன், டின் தூக்க ஒரு ஆள் கொறையுது.

இப்படிக்கு,
ஒரு மெஸ்காரன், பாளையங்கோட்டை