ரெபெக்கா கிரிமினல் வக்கீல் அல்ல

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். ஸ்காண்டிநேவியத் துப்பறியும் நாவல்கள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஆசையாகப் படித்தேன். ஓசா லார்சனின் 'சோல்ஸ்டோர்ம்' (2003) நாவலுக்கு அதில் ஒரே ஒரு பத்திதான். அந்த ஒரு பத்திக்குள் இரண்டு தவறுகள்.

சின்னதை முதலில் சொல்லிவிடுகிறேன். கட்டுரையுடன் படமாகப் போட்டிருந்த சிவப்பு மரத் தேவாலயத்தில் நாவலின் கொலை நடக்கவில்லை. அது சுவீடனின் வடகோடியில், கிருனா நகரத்தில் நிஜமாகவே இருப்பது. 1912இல் கட்டி முடித்தது. இரும்புச் சுரங்கம் ஊருக்கு அடியில் நீண்டுகொண்டே வந்ததால், 2025 ஆகஸ்டில் 672 டன் எடையுள்ள அந்தக் கட்டடத்தை அப்படியே வண்டியில் ஏற்றி ஐந்து கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுபோய் வைத்தார்கள். நாவலில் கொலை நடக்கும் கிரிஸ்டல் தேவாலயம் லார்சனின் கற்பனை.

பெரிய தவறு, நாவலின் நாயகி ரெபெக்கா மார்ட்டின்சனைக் 'கிரிமினல் வக்கீல்' என்றது. அவள் ஸ்டாக்ஹோமில் வரி விவகாரம் பார்ப்பவள். லார்சனும் எழுத வருவதற்கு முன் வரி வக்கீல்தான். யாராக இருந்தால் என்ன, வக்கீல்தானே என்று என்னால் விட முடியவில்லை. இருபது வருடமாக நானும் இதே வேலைதான் பார்க்கிறேன். எங்கள் அறையில் யாரும் அழ மாட்டார்கள். பில் இருக்கிறதா, கணக்கு ஒத்துப்போகிறதா, அவ்வளவுதான் பேச்சு. ரெபெக்கா இந்தத் தொழிலுக்குள் வந்து ஒளிந்துகொண்டாள் என்றே எனக்குப் படுகிறது.

கிருனாவில் இளம் வயதில் சபையே கதி என்று கிடந்தவள் அவள். போதகருடன் உறவு, கர்ப்பம், கருக்கலைப்பு. போதகர் போதகராகவே இருந்தார். அவளைத்தான் ஒதுக்கி வைத்தார்கள். வருடங்கள் கழித்து, செத்துப் பிழைத்துச் சொர்க்கத்தைப் பார்த்துவந்ததாகப் புத்தகம் எழுதிப் பிரபலமான விக்டர் அந்தக் கிரிஸ்டல் தேவாலயத்துக்குள்ளேயே கொல்லப்படுகிறான். அவனுடன் பிறந்த சன்னா, ரெபெக்காவின் பழைய சிநேகிதி. "வா" என்று போன் செய்கிறாள். மனசே இல்லாமல்தான் இவள் கிளம்புகிறாள். அப்புறம் போலீசின் சந்தேகம் சன்னா மேலேயே விழ, திரும்பி வர முடிவதில்லை.

அந்தச் சபைக்காரர்களை மறுபடி எதிர்கொள்ளும்போது அவள் பைபிள் வசனத்துக்குப் பதில் வசனம் சொல்லிக்கொண்டிருப்பதில்லை. விக்டரின் புத்தகங்களை விற்ற பணம் எந்தக் கணக்கில் போனது என்று கேட்கிறாள். அதுவரை அவளைப் பாவியாகப் பார்த்தவர்கள் அந்தக் கேள்விக்குப் பயப்படுகிறார்கள். ஒளிந்துகொள்ளத் தேடிய தொழிலே அவளுக்கு ஆயுதமாகிறது. அவளைக் கிரிமினல் வக்கீல் ஆக்கிவிட்டால் இந்த இடமே நாவலில் இல்லை.

குறையே இல்லாத நாவல் என்று சொல்ல வரவில்லை. முடிவு கொஞ்சம் சினிமாத்தனம். ஆனால் நிறைமாதக் கர்ப்பத்தோடு விசாரணைக்குள் நுழைந்துவிடும் அன்னா-மரியா மெல்லாவைப் போல ஒரு போலீஸ்காரரை நான் வேறெங்கும் படித்ததில்லை. கட்டுரையில் அவர் பெயர்கூட இல்லை!

இந்த வரிசையில் மொத்தம் ஆறு நாவல்கள். கடைசியாக வந்தது 2021இல். ரெபெக்கா பிற்பாடு கிருனாவிலேயே அரசு வழக்கறிஞராகிவிடுகிறாள். அதனால் நடுவிலிருந்து தொடங்காமல் 'சோல்ஸ்டோர்ம்' முதலே படிக்கும்படி வாசகர்களுக்குச் சொல்லுங்கள். அப்படியே, எழுத்தாளர் பெயர் 'ஆசா' அல்ல, 'ஓசா'. எண்ணிப் பார்த்தால் தவறு மூன்றாகிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
நாகர்கோவில்