குடிநீர்த் திருப்பணி நிறைவு அறிக்கை

தலைக்கட்டு வரி செலுத்திய குடும்பத்தாருக்கும், மகளிர் குழுவினருக்கும், வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பி உதவிய நம் ஊர்ப் பிள்ளைகளுக்கும் திருப்பணிக் குழுவின் வணக்கம்.

அம்மன் கோவில் குடமுழுக்கை ஒட்டி, ஊர்க்கூட்டம் எங்களிடம் ஒப்படைத்த குடிநீர்ப் பணி நிறைவடைந்துவிட்டது. கோபுரம், மண்டபம் ஆகியவற்றின் வேலை குறித்துத் தனி அறிக்கை வரும் என்பதால், தண்ணீரையும் அதில் கலந்திருந்த காரீயம் (லெட்) என்ற நச்சு உலோகத்தையும் பற்றி மட்டும் இங்கே எழுதுகிறோம். ஆர்.ஓ. குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் வைப்பதாகச் சொல்லித்தானே வரி வாங்கினீர்கள், குழாய் மாற்றுவதற்கு ஏன் செலவழித்தீர்கள் என்று உறுப்பினர் பலர் கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்விதான், அதற்கான பதிலே இந்த அறிக்கையின் பெரும்பகுதி.

நம் மேல்நிலைத் தொட்டிக்கு வருவது கொள்ளிடத்துக் கூட்டுக் குடிநீர். ஜல் ஜீவன் திட்டத்தில் பயிற்சி பெற்ற நம் ஊர்ப் பெண்கள் பரிசோதனைப் பெட்டியைக் கொண்டு குளோரின், கடினத்தன்மை, ஃபுளோரைடு, நைட்ரேட் போன்றவற்றை முறையாகப் பார்த்து வருகிறார்கள். அவற்றில் குறை ஏதும் தெரியவில்லை. ஆனால் அந்தப் பெட்டி காரீயத்தைக் காட்டாது. காரீயத்துக்கு நிறமோ மணமோ கிடையாது. இந்த அளவில் நாக்குக்கும் தெரியாது. ஆகவே அங்கீகாரம் பெற்ற ஆய்வகம் ஒன்றின் அறிவுரைப்படி, இரவு முழுவதும் குழாயைத் திறக்காமல் வைத்து, விடியற்காலையில் முதலில் வரும் ஒரு லிட்டரைத் தனியாகவும், சில நிமிடம் ஓடவிட்ட பிறகு வரும் நீரைத் தனியாகவும் பிடித்து அனுப்பினோம். மேல்நிலைத் தொட்டியில் எடுத்த நீர் சுத்தமாக இருந்தது. ஓடவிட்டுப் பிடித்த நீரும் பெரும்பாலும் தேறியது. முதல் லிட்டர்தான் பல வீடுகளில் தேறவில்லை. குடிநீருக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 10500, 2012-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி லிட்டருக்கு 0.01 மில்லிகிராம் காரீயத்துக்கு மேல் அனுமதிப்பதில்லை. வேறு நீராதாரம் இல்லை என்ற காரணத்துக்காகவும் அதில் தளர்வு கிடையாது. 1991-ஆம் ஆண்டுத் தரத்தில் இந்த வரம்பு 0.05 ஆக இருந்தது. பழைய வரம்பை வைத்துப் பார்த்தால் நம் வீடுகள் தப்பித்திருக்கும் என்பதில் ஆறுதல் கொள்ள எதுவும் இல்லை.

தொட்டியில் இல்லாத காரீயம் வீட்டுக் குழாயில் வருகிறது என்றால், அது கடைசி சில அடிகளில்தான் சேர்கிறது. 2004 சுனாமிக்குப் பிறகு கட்டிய குடியிருப்புகளில் உள்ள பிவிசி குழாய்களும், கோவிலைச் சுற்றியுள்ள பழைய வீடுகளின் இரும்புக் குழாய்களும் பிரித்துப் பார்க்கப்பட்டன. பிவிசி குழாய் செய்யும்போது பிளாஸ்டிக் சூட்டில் சிதையாமலிருக்கச் சேர்க்கும் காரீய நிலைப்படுத்திகளைக் கட்டுப்படுத்தும் விதிகளை மத்திய அரசு 2021-இல்தான் கொண்டுவந்தது. நம்முடையவை அதற்கு முந்தியவை. இரும்புக் குழாய்களின் மரையிலோ, அந்தக் காலத்துப் பிளம்பர்கள் சணல் நூல் சுற்றி அதன்மேல் அப்பிய, காரீயம் கலந்த ஒயிட் லெட் பசை காய்ந்து உதிரும் நிலையில் இருந்தது. பித்தளைக் குழாய்களைக் கடைந்தெடுக்க எளிதாக இருக்கட்டும் என்று வார்ப்பிலேயே சிறிது காரீயம் சேர்ப்பது வழக்கம். கடலோர ஊரான நமக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. பல வீடுகளில் போர் தண்ணீரையும் கூட்டுக் குடிநீரையும் ஒரே குழாயில் மாற்றி மாற்றி விடுகிறார்கள். போர் நீரின் உப்பு பித்தளையை அரிக்கிறது. அரித்த இடத்திலிருந்து காரீயமும் கரைந்து, இரவெல்லாம் தேங்கி நிற்கும் நீரில் சேர்கிறது.

ஆர்.ஓ. காரீயத்தை நீக்கும் என்பது உண்மையே. ஆனால் நிலையத்திலிருந்து கேனில் பிடித்துவரும் நீரைக் குடிப்பார்களே தவிர, அதில் யாரும் உலை வைக்க மாட்டார்கள். சோறும் கஞ்சியும் குழம்பும் குழாய்த் தண்ணீரிலேயே ஆகும். கொதிக்க வைத்தால் கிருமி சாகும். காரீயம் போகாது, நீர் வற்ற வற்றச் செறிவுதான் கூடும். சிறு குழந்தைகளின் உடல், உட்கொள்ளும் காரீயத்தைப் பெரியவர்களைப் போல 4 முதல் 5 மடங்கு வரை ஈர்த்துக்கொள்கிறது என்றும், பாதுகாப்பானது என்று சொல்லத்தக்க அளவு எதுவும் அறியப்படவில்லை என்றும் உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. இவற்றைக் கருதியே பணத்தைக் குழாயில் போட்டோம்.

காரீயம் சேராதது என்ற சான்றும் ஐ.எஸ். முத்திரையும் உள்ள குழாய்களே வாங்கப்பட்டன. சமையலறைக் குழாய்கள் எவர்சில்வருக்கு மாற்றப்பட்டு, மரைகளில் டெஃப்லான் நாடா மட்டும் சுற்றப்பட்டது. போர் தண்ணீர் குளியலறைக்கும் கழிப்பறைக்கும் தனி வழியில் பிரிக்கப்பட்டது. வேலை முடிந்து சில வாரங்கள் புழங்கிய பின் அதே முறையில் மீண்டும் நீர் பிடித்து அனுப்பியதில், குழாய் மாற்றிய வீடுகளின் முதல் லிட்டரும் வரம்புக்குள் வந்திருக்கிறது.

மடப்பள்ளியின் செம்பு அண்டாக்களுக்கும் பித்தளைத் தவலைகளுக்கும் ஈயம் பூசும் வேலை நாங்கள் நினைத்ததைவிட அதிகக் கவனத்தைக் கேட்டது. பூச வேண்டியது வெள்ளீயம் (டின்). அது விலை கூடியது; காரீயம் மலிவானது, சேர்த்தால் கலவை குறைந்த சூட்டிலேயே உருகி எளிதாகப் பரவும். எனவே கலப்படத்துக்கு ஆசை எழுவது இயல்பு. புளியோதரையும் ரசமும் அப்படிப்பட்ட பூச்சிலிருந்து காரீயத்தை இழுத்துவிடும். பூசுகிறவர் மீது எங்களுக்கு ஐயம் இல்லை. அவர் கடையில் வாங்கும் கட்டியில் என்ன இருக்கிறது என்பது அவருக்கே தெரியாது. ஆகவே சோதித்த வெள்ளீயக் கட்டியைக் குழுவே வாங்கிக் கொடுத்தது. கோவில் பின்புறத்தில் அண்டாவைச் சூடேற்றி, நவச்சாரம் தூவி, புகை எழும்போது கட்டியைத் தேய்த்துப் பஞ்சால் ஒரே இழுப்பில் பரப்பியதைக் குழுவினர் கூடவே இருந்து பார்த்தனர்.

ஊரில் வாக்குவாதத்தை உண்டாக்கியது வலைக்கு ஈயக்குண்டு வார்க்கும் வேலைதான். கொல்லையில், சோறாக்கும் அடுப்பிலேயே இரும்புச் சட்டியை வைத்துப் பழைய காரீயத்தை உருக்குவதும், மேலே படியும் சாம்பல்நிறக் கசடை வழித்து வேலியோரம் கொட்டுவதும், அந்தக் கையோடு சாப்பிட உட்காருவதும் தலைமுறை வழக்கம். அந்தக் கசடில்தான் கோழி மேய்கிறது, பிள்ளைகள் தவழ்கின்றன. எங்கள் கணிப்பில், இந்த வீடுகளின் குழந்தைகளுக்குத் தண்ணீரைவிட இதுவே பெரிய ஆபத்து. தொழிலை நிறுத்தச் சொல்ல எங்களுக்கு உரிமையும் இல்லை, விருப்பமும் இல்லை. பஞ்சாயத்தாரின் இசைவுடன், குடியிருப்புக்கு வெளியே, காற்று வீடுகளின் பக்கம் அடிக்காத இடத்தில் தகரக் கொட்டகை ஒன்றும், கை கழுவவும் உடை மாற்றவும் வசதியும் கட்டப்பட்டுள்ளன. கசடை மூடியுள்ள டப்பாவில் சேர்க்க வேண்டும். இனி வீட்டில் வார்ப்பதில்லை என்று பஞ்சாயத்தில் முடிவாகியிருக்கிறது. அந்த வீடுகளின் குழந்தைகளுக்கு இரத்தப் பரிசோதனை ஏற்பாடாகி வருகிறது. இரத்தத்தில் ஒரு டெசிலிட்டருக்கு (100 மில்லி) 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ காரீயம் இருந்தால், எங்கிருந்து வருகிறது என்று கண்டறிந்து நிறுத்த வேண்டும் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல்.

கோவில் கிராதிகளின் பழைய வண்ணத்தை உலர்ந்த நிலையில் சுரண்ட விடாமல், நனைத்துச் சுரண்டித் தூளைச் சாக்கில் கட்டி அப்புறப்படுத்தினோம். 2017 நவம்பர் முதல் வீட்டு வண்ணப்பூச்சுகளில் காரீயம் 90 பிபிஎம்-க்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்பது சட்டம். டப்பாவில் அந்தக் குறிப்பைப் பார்த்தே வாங்கினோம். காரீயம் கலந்திருக்கக்கூடும் என்பதால் அனுமார் சந்நிதியில் கடைச் செந்தூரம் வழங்குவது நிறுத்தப்பட்டு, மஞ்சளிலும் சுண்ணாம்பிலும் செய்த குங்குமம் மட்டும் தரப்படுகிறது.

பூட்டிக் கிடக்கும் வீடுகளிலும், உரிமையாளர் ஒப்புதல் தராத சில வீடுகளிலும் குழாய் மாற்றப்படவில்லை. அங்கே குடியிருப்போர் காலையில் முதலில் வரும் நீரைச் செடிக்கு விட்டுவிட்டு, அதன்பின் வருவதைக் குடிக்கவும் சமைக்கவும் பிடிக்கக் கேட்டுக்கொள்கிறோம். அவர்களுக்கான தொகை வேறு எதற்கும் எடுக்கப்படாமல் தனிக் கணக்கில் இருக்கிறது. ஆடிக்குள் எழுதிக் கொடுத்தால் அதே கொத்தனாரும் பிளம்பருமே வந்து செய்து தருவார்கள். தணிக்கை செய்த வரவு செலவுக் கணக்கையும், வீடுவாரியான நீர்ப் பரிசோதனை முடிவுகளையும் கோவில் அலுவலகத்தில் மாலைப் பூசைக்குப் பின் பார்க்கலாம். தம் வீட்டு முடிவின் நகலை அவரவர் கையொப்பமிட்டுப் பெற்றுக்கொள்ளலாம்.

இங்ஙனம்,
திருப்பணிக் குழுவினர்