மருந்தகத்தின் மாதச் செலவுக்கு நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

மியான்மரில் பெகு பக்கத்து வயல் கிராமங்களில் இருக்கும் நம் சனங்களுக்காக ஒரு சின்ன மருந்தகம் திறக்கக் கோயில் கமிட்டி முடிவு செய்திருக்கிறது. கோயிலை ஒட்டிய அறையை வெள்ளையடித்துத் தயார் செய்தாகிவிட்டது. அதனால் கட்டட நிதி வேண்டாம். கட்டடம் என்றால் கல்லில் பெயர் பொறிக்கலாம், வசூலும் சீக்கிரம் ஆகும், தெரியும். நாங்கள் கேட்பது சயாமாவின் (நர்ஸின்) சம்பளம், மருந்து, சோலார் பேட்டரி என்று மாதாமாதம் வந்து நிற்கும் செலவுக்கு. அதற்கு வழியில்லாமல் திறந்தால் ஆறு மாதத்தில் பூட்டுத்தான்.

அறுப்புக்கு முன் தொடங்கிவிட வேண்டும். இந்த நாட்டில் பாம்புக்கடியில் அதிகம் பேரைக் கொல்வது கண்ணாடி விரியன். எலிக்காக வயலுக்கு வரும், குனிந்து அறுப்பவர் காலில் கடிக்கும். அதன் விஷத்தால் ரத்தம் உறையாது, சிறுநீரகம் கெடும். கயிற்றால் இறுக்கிக் கட்டுவது, கீறிவிடுவது எல்லாம் இன்னும் நடக்கிறது, இரண்டுமே கெடுதல். காலை அசைக்காமல் படுக்க வைத்து, சுத்தமான கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் ரத்தம் எடுத்து 20 நிமிடம் ஆட்டாமல் வைக்க வேண்டும். உறையவில்லை என்றால் விஷம் ஏறிவிட்டது. பழகிய சயாமா இதைச் செய்துவிடுவார். ஆனால் உறைந்துவிட்டது என்பதற்காக வீட்டுக்கு அனுப்பக் கூடாது. விஷம் தாமதித்தும் ஏறும். விஷமுறிவு மருந்தை நாங்கள் போடப் போவதில்லை. அதற்கு ஒவ்வாமை வந்தால் பார்க்க டாக்டர் வேண்டும். கடிபட்ட யாரையும் உடனே ஆஸ்பத்திரிக்கு ஏற்றிவிட வண்டிக்காசு எப்போதும் பெட்டியில் இருக்கும்.

அப்புறம் சர்க்கரை, பிரஷர். மெட்ஃபார்மின், அம்லோடிபின் எல்லாம் விலை குறைந்த மாத்திரைகள்தான். டவுனுக்குப் போய்வரும் செலவுதான் பெரிது. மழைக்காலத்தில் வழியும் கெட்டுவிடுவதால் பலர் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள்.

1978இல் அல்மா ஆட்டா நகரில் கூடிய உலக நாடுகளின் மாநாடு ஆரம்ப சுகாதாரத்தைப் பற்றிப் பேசியபோது, மக்களும் சேர்ந்து நடத்த வேண்டும், செலவு ஊர் தாங்கும்படி இருக்க வேண்டும் என்றது. ஒருவரே பெரிய தொகை தருவதைவிடப் பலர் சிறுகச் சிறுகத் தருவதை நாங்கள் விரும்புவது அதனால்தான்.

வீட்டுக்கு மாதம் 5,000 கியாட் முடிந்தால் நல்லது. குறைவாகத் தந்தாலும் ரசீது உண்டு. வெளிநாட்டில் இருப்பவர்கள் வருடத்துக்கு ஒருமுறை சேர்த்துத் தரலாம். வயலுக்குப் போட முழங்கால் உயர ரப்பர் பூட்ஸ் வாங்கிக் கொடுத்தாலும் சரி. மிச்ச மாத்திரை அட்டைகள் மட்டும் தயவுசெய்து வேண்டாம்.

இந்தப் பணம் திருவிழா வசூலோடு கலக்காது. கணக்கு ஒவ்வொரு அமாவாசையும் கோயில் பலகையில் ஒட்டப்படும்.

இப்படிக்கு,
மருந்தகக் கமிட்டியார்