ஒரே அரசிதழில் இரண்டு வகை அறிவிப்புகள்

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. மகள் பேறுகாலத்துக்கு வந்திருப்பதை அறிந்து மகிழ்ந்தேன். நல்ல செய்திக்குக் காத்திருக்கிறோம்.

1930-களில் நாகப்பட்டினத்தில் கப்பலேறிய உங்கள் தாத்தாவைச் சிங்கப்பூரில் உடனே கரையிறக்காமல் ஒரு தீவில் வைத்திருந்தது ஏன் என்று கேட்டிருந்தீர்கள். பணி ஓய்வுக்குப் பிறகு நான் நூலகத்தில் படித்துவருவது அந்தக் காலத்துத் துறைமுக அறிவிப்புகளைத்தான் என்பதால், சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

அரசிதழில் கடல் சார்ந்த அறிவிப்புகள் இரண்டு வகை. முதலாவது, மாலுமிகளுக்கான அறிவிப்பு. பிரிட்டிஷ் கடற்படையின் நீர்ப்பரப்பு வரைபட அலுவலகம் 1834 முதல் இவற்றை வெளியிட்டது. குடியேற்ற நாட்டுத் துறைமுகங்களும் அதே முறையைப் பின்பற்றின. சிங்கப்பூர் நீரிணையின் கிழக்கு வாயிலில், பல கப்பல்களைக் காவுகொண்ட பெட்ரா பிராங்கா பாறையின்மேல் கட்டப்பட்ட ஹார்ஸ்பரோ கலங்கரை விளக்கம் 1851 அக்டோபர் 15 அன்று ஏற்றப்பட்டது. இத்தகைய விளக்கொன்றைப் பற்றிய அறிவிப்பில் ஒளி நிலையானதா சுழல்வதா, உயர்நீர் மட்டத்துக்கு மேல் எத்தனை அடி உயரம், வானம் தெளிந்திருந்தால் எத்தனை கடல் மைல் தொலைவில் தெரியும் என்பன வரிசையாக வரும். மணல்திட்டைப் பற்றிய அறிவிப்பென்றால், நீர் நன்கு வற்றிய வேளையில் அங்கே எத்தனை பாகம் (ஒரு பாகம் ஆறு அடி) ஆழம், எந்தத் திசையில் எந்தக் குன்றை வைத்துக்கொண்டு விலகிச் செல்ல வேண்டும் என்பதும் இருக்கும். எந்த நாட்டுக் கொடி பறக்கும் கப்பலுக்கும் ஒரே தகவல், ஒரே துல்லியம். அந்த நேர்மையை நான் உண்மையாகவே மதிக்கிறேன்.

இரண்டாவது வகை, நோய்த்தடுப்பு அறிவிப்பு. 1873-இல் சிங்கப்பூரில் காலரா பரவியதை அடுத்து, மறு ஆண்டே செயின்ட் ஜான்ஸ் தீவில் தனிமைப்படுத்தும் நிலையம் திறக்கப்பட்டது. நோய் கண்ட துறைமுகத்திலிருந்து வரும் கப்பல் மஞ்சள் கொடியை ஏற்றி, தனக்கென ஒதுக்கிய இடத்தில் நங்கூரமிட வேண்டும். சுகாதார அதிகாரி படகில் வந்து பார்த்து அனுமதி தரும்வரை ஒருவரும் இறங்கவோ, வெளிப்படகு எதுவும் அணுகவோ கூடாது. இதுவரை எல்லாருக்கும் பொது.

அதற்குப் பிறகுதான் வழி பிரிகிறது. 1903-இல் பாரிசில் உருவான பன்னாட்டுச் சுகாதார உடன்படிக்கை, பயணிகளை ஓரிடத்தில் நிறுத்திவைப்பதையும், போக விட்டு அவர்கள் சேரும் ஊரில் மருத்துவர் கவனித்துவருவதையும் இரு வேறு முறைகளாக வகுத்தது. நெரிசலான கப்பல்கள், குறிப்பாகக் குடியேறிகளை ஏற்றிவரும் கப்பல்கள் மீது தனி நடவடிக்கை எடுக்கவும் இடமளித்தது. நடைமுறையில் கேபின் பயணி முகவரி கொடுத்துவிட்டு நகருக்குள் செல்ல முடிந்தது. மேல்தளத்தில் பாய் விரித்து வந்தவர்களோ படகுகளில் தீவுக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். அங்கே குளிக்க வைத்து, துணிமணிகளை நீராவியில் வேகவைத்து, அம்மை குத்தி, நாட்கணக்கில் நிறுத்திவைத்தார்கள். உங்கள் தாத்தா அந்தத் தள டிக்கெட்டில்தான் வந்திருப்பார். மக்காவிலிருந்து திரும்பிய ஹஜ் பயணிகளும் இதே தீவில்தான் காத்திருந்தார்கள்.

காலராவும் பெரியம்மையும் ஊரையே காலிசெய்த காலம் அது. தடுப்பே தேவையில்லை என்று நான் சொல்ல மாட்டேன். அந்தத் தீவு எத்தனையோ உயிர்களைக் காத்திருக்கிறது. ஆனால் 1926-ஆம் ஆண்டு உடன்படிக்கை பெரியம்மைக்கு 14 நாள், காலராவுக்கு 5 நாள் என்று கணக்கிட்டபோது, டிக்கெட்டின் விலைக்கேற்ப அந்த நாட்கள் மாறும் என்று எந்த மருத்துவரும் சொல்லவில்லை. மேலும், கப்பல் தலைவனுக்கு நீரின் ஆழத்தை அவ்வளவு துல்லியமாகச் சொன்ன அரசு, தளத்தில் வந்த தமிழருக்கு எத்தனை நாள், எதற்காக என்பதை அவருடைய மொழியில் சொல்ல அதே அக்கறையை எடுத்துக்கொண்டதாக எனக்குத் தெரியவில்லை. படிக்கும்போதெல்லாம் என்னை வருத்துவது இதுதான்.

இலங்கைத் தோட்டங்களுக்குப் போனவர்களின் நிலையும் ஏறத்தாழ இதுவே. அவர்களுக்குத் தடுப்பு நம் கரையிலேயே, மண்டபத்தில், இலங்கை அரசு நடத்திய முகாமில் நடந்தது. 1914-இல் தனுஷ்கோடி–தலைமன்னார் படகுப் போக்குவரத்து தொடங்கிய பிறகு அந்த வழியில்தான் பெருங்கூட்டம் சென்றது. ரயில் நிலையத்தின் பெயர் இன்றும் மண்டபம் கேம்ப்தான்.

ஒரு வேண்டுகோள். தாத்தாவின் பழைய டிரங்குப் பெட்டியில் அம்மை குத்திய சான்றுச் சீட்டோ, கப்பல் டிக்கெட்டின் துண்டோ இருந்தால், இரு பக்கத்தையும் படமெடுத்து அனுப்புங்கள். கப்பலின் பெயரும் தேதியும் தெரிந்தால், அது எப்போது வந்தது, மஞ்சள் கொடியுடன் நின்றதா என்பதை அக்காலச் செய்தித்தாள்களின் கப்பல் வருகைப் பட்டியலில் தேடிப் பார்க்கிறேன்.

வீட்டில் அனைவருக்கும் என் அன்பைச் சொல்லுங்கள்.

என்றும் அன்புடன்,
உங்கள் நண்பன்