சிகாமட் நடுக்கம்: தரைவீட்டுக்காரர்கள் கவனிக்க வேண்டியவை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

2025 ஆகஸ்ட் 24, ஞாயிறு காலை 6.13க்கு ஜொகூர் மாநிலத்துச் சிகாமட்டில் 4.1 அளவில் நிலம் நடுங்கியது. "சுமத்ரா நடுக்கத்தில்கூட அடுக்குமாடிதான் ஆடியது, நம் தரைவீட்டுக்கு என்ன வரப்போகிறது?" என்று தோட்டப்புறங்களில் இன்றும் பேசுகிறார்கள். இந்தத் தைரியம் தவறு.

சுமத்ராவிலிருந்து நம்மிடம் வந்து சேர்வதற்குள் வேகமான அதிர்வுகள் வழியிலேயே அடங்கிவிடும். மிஞ்சும் மெதுவான அலை உயர்ந்த கட்டடத்தைத்தான் ஆட்டும். காலடியில் 10 கிலோமீட்டர் ஆழத்தில் நிலத்தடிப் பாறைப் பிளவு நழுவினால் கதையே வேறு. வெடுக்கென்று வரும் அந்த உதறலை வாங்குவது குட்டையான செங்கல் வீடுதான்.

பழைய பிளவுகள் அசையாது என்றும் இருந்துவிட முடியாது. 2004 டிசம்பர் 26 பேரதிர்வு லங்காவியையே சுமார் 17 சென்டிமீட்டர் நகர்த்தியது. அதன் பிறகு, 2007 நவம்பர் தொடங்கி பகாங் மாநிலத்துப் புக்கிட் திங்கியில் சிறு நடுக்கங்கள் வரிசையாக வந்தன. அதற்காகப் பீதி வேண்டாம். 2015இல் சபாவின் கினபாலு மலையில் 18 பேரைப் பலிகொண்ட 6.0 அளவு ரானாவ் நடுக்கம், சிகாமட்டைவிட ஏறக்குறைய 700 மடங்கு சக்தி வாய்ந்தது. 4.1க்கு நல்ல வீடு விழாது. ஏற்கெனவே தளர்ந்திருப்பதுதான் விழும்.

முதலில் தண்ணீர்த் தொட்டி. 400 கேலன் தொட்டி நிறைந்தால் 1,800 கிலோ. நான்கு இரும்புக் கால்களில் குறுக்குக் கம்பி இல்லாமல் அதை நிறுத்தியிருந்தால், பக்கவாட்டு உதறலில் கால்கள் மடங்கும். நான்கு பக்கமும் பெருக்கல் குறிபோல் இரும்பு அடித்து, அடிப்பகுதியை கான்கிரீட்டில் போல்ட் போட்டு இறுக்க வேண்டும்.

அடுத்தது, பின்னால் இழுத்துக் கட்டிய அடுப்படி. புதுச் சுவரைப் பழைய சுவரோடு வெறும் சிமெண்டால் ஒட்டியிருப்பார்கள். இரண்டும் தனித்தனியே ஆடுவதால் அந்த மூலையில்தான் முதல் வெடிப்பு வரும். மேலே பூசி மறைப்பது வீண், மறுபடி திறக்கும். நான்கு கல் வரிசைக்கு ஒன்றாக இரு சுவருக்குள்ளும் கம்பி செருக வேண்டும். மற்ற வெடிப்புகளின் இரு முனையிலும் பென்சிலால் கோடிட்டுத் தேதி எழுதிவையுங்கள். மயிரிழைப் பூச்சு வெடிப்பு பெரிதல்ல. சன்னல் மூலையிலிருந்து படிக்கட்டுபோல் இறங்குவதும், 5 மில்லிமீட்டரைத் தாண்டுவதும் பொறியாளர் பார்க்க வேண்டியவை.

கோயில் நிர்வாகங்களுக்கும் ஒரு வார்த்தை. கோபுரச் சுதைச் சிலைகளின் உள்கம்பி துருப்பிடித்திருந்தால் வண்ணம் அடித்துப் பயனில்லை. திருப்பணிக்குச் சாரம் கட்டும்போதே ஒவ்வொரு சிலையையும் தட்டிப் பாருங்கள். பொக்கென்று ஒலித்தாலோ துருக்கறை கசிந்தாலோ உடைத்துப் புதிதாகச் செய்யுங்கள். மண்டபத்துக் கூட்டம் நிற்பது அதன் கீழேதான்.

தமிழ்ப்பள்ளிகளில் தீ ஒத்திகை நடக்கிறது. மணி அடித்தால் ஓட வேண்டும் என்பது பிள்ளைகளுக்குப் பழகிவிட்டது. நடுக்கத்தில் அப்படி ஓடினால் சன்னல் கண்ணாடியும் கூரை ஓடும் வாசலில்தான் விழும். ஆட்டம் நிற்கும்வரை மேசைக்கடியில் அதன் காலைப் பிடித்துக்கொண்டு இருப்பதையும், பிறகே வரிசையாகத் திடலுக்குப் போவதையும் தனி ஒத்திகையாக நடத்த வேண்டும்.

வீட்டிலும் ஆட்டம் நின்றதும் எரிவாயுத் தோம்பை மூடிவிட்டு வெளியேறுங்கள். வாடை அடித்தால் விளக்கு சுவிட்சைத் தொடக்கூடாது, அணைப்பதற்குக்கூட.

கட்டடப் பொறியாளர்,
லாபிஸ், ஜொகூர்