விமானத்துக்குப் பயந்த ஒன்பதாம் நம்பர்

பாப்பா,

போன ஞாயிற்றுக்கிழமை போனில் நான் சிரித்திருக்கக் கூடாது. ஹாம்பர்க் ஏர்போர்ட் வரைக்கும் போய், பெட்டியை எல்லாம் உள்ளே போட்டுவிட்டு, ஏறுகிற நேரத்தில் கால் நகராமல் நின்று, அப்படியே ரூமுக்குத் திரும்பி வந்துவிட்டேன் என்று நீ சொன்னாய். இருபத்தெட்டு வயசாச்சு, இதுக்கெல்லாமா பயப்படுவாங்க என்று நான் கேட்டேன். நீ போனை வைத்துவிட்டாய். அம்மா இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. சாம்பாரில் உப்பு போட்டாளா என்று கேட்கக்கூட எனக்குத் தைரியம் வரவில்லை.

அன்று ராத்திரி தூக்கம் வராமல் படுத்திருந்தபோதுதான் கெரேரோ நினைவுக்கு வந்தார். பாவ்லோ கெரேரோ, பெரு நாட்டுக் கால்பந்து ஆட்டக்காரர், முன்னால் நின்று கோல் அடிக்கிற ஸ்ட்ரைக்கர். உனக்கும் தெரிந்த ஆள்தான். நீ பத்தாவது படிக்கும்போது, 2012 டிசம்பர், ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நீ சினிமா பார்க்க வேண்டும் என்று ரிமோட்டுக்குச் சண்டை போட்டாய், நான் தரவே இல்லை. ஜப்பான் யோகோஹாமாவில் கிளப் உலகக் கோப்பை ஃபைனல், பிரேசிலின் கொரிந்தியன்ஸும் இங்கிலாந்தின் செல்சியும். 69வது நிமிஷத்தில், தடுப்பாட்டக்காரர் காலில் பட்டு மேலே எழும்பின பந்தைத் தலையால் முட்டி கொரிந்தியன்ஸுக்காக உள்ளே போட்டாரே, அவர்தான். அந்த ஒரு கோல்தான் ஆட்டத்தின் முடிவு. அரையிறுதியில் எகிப்தின் அல் அஹ்லிக்கு எதிராகவும் 1-0, அந்தக் கோலும் இவருடையதுதான். நான் கத்தின கத்தில் பக்கத்து வீட்டுக்காரர் என்னமோ ஏதோ என்று ஓடி வந்தார்.

அந்த மனுஷனுக்கு விமானம் என்றால் உயிரே போய்விடும் என்று நான் உன்னிடம் சொன்னதே இல்லை.

அவர் 1984 ஜனவரி 1 அன்று பெருவின் தலைநகர் லீமாவில் பிறந்தவர். அவருடைய தாய்மாமன் ஹொசே கொன்சாலஸ் கனோசா, அலியான்சா லீமா அணியின் கோல்கீப்பர். 1987 டிசம்பர் 8 அன்று அந்த அணி காட்டுப்பக்கம் இருக்கிற புக்கால்பாவில் ஜெயித்துவிட்டு, கடற்படை விமானம் ஒன்றை வாடகைக்கு எடுத்துத் திரும்பிக்கொண்டிருந்தது. லீமாவை நெருங்கும்போது வென்டனில்லா பக்கம் கடலில் விழுந்துவிட்டது. 43 பேர் போய்விட்டார்கள், விமானி ஒருவர் மட்டும் பிழைத்தார். ஒரு டீமே இல்லாமல் போயிற்று, அதில் பலர் இளவட்டப் பையன்கள். அப்போது கெரேரோவுக்கு நான்கு வயதுகூட ஆகவில்லை. வளர்ந்து, அதே அலியான்சாவின் சிறுவர் அணியில்தான் ஆட்டம் கற்றுக்கொண்டார். அந்த வீட்டில் டிசம்பர் வந்தாலே எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பார்.

பந்தாட்டக்காரனுக்கு விமானம் ஏறாமல் பிழைப்பு ஏது? 2002இல் பதினெட்டு வயதில் ஜெர்மனியின் பாயர்ன் மியூனிக் கிளப் கூப்பிட்டது, கடல் தாண்டிப் போனார். அங்கே முதலில் ரிசர்வ் அணி, பிறகு மெயின் டீம், இரண்டு முறை லீக் சாம்பியன். 2006இல் உன் ஊருக்கு வந்துவிட்டார், ஆமாம், ஹாம்பர்க்குக்குத்தான், ஆறு வருஷம் அங்கேதான் ஆடினார். ஹாம்பர்க் என்கிற பெயர் எனக்கு உன் வேலையால் தெரிந்தது என்று நீ நினைத்துக்கொண்டிருப்பாய், இல்லை, அதற்கு முன்னாலேயே கெரேரோவால் தெரியும். 2010 தொடக்கத்தில் முழங்கால் தசைநார் கிழிந்ததற்கு வைத்தியம் பார்த்துக்கொண்டு லீமாவில் இருந்தவர் ஹாம்பர்க் திரும்ப வேண்டும். முடியவில்லை. விமானம் ஏறுகிற பயத்தால் பயணம் தள்ளித் தள்ளிப் போயிற்று, கிளப்போ சம்பளம் கொடுத்துவிட்டு ஹாம்பர்க்கில் காத்துக்கொண்டிருந்தது. நீ அந்த ஊரிலிருந்து கிளம்ப முடியாமல் நின்றாய், அவர் அந்த ஊருக்குப் போக முடியாமல் நின்றார், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஒருவழியாகப் போய்ச் சேர்ந்தார். சேர்ந்ததும் என்ன செய்தார் தெரியுமா, தன்னைத் திட்டின ரசிகர் மேல் தண்ணீர் பாட்டிலை விட்டெறிந்து ஐந்து ஆட்டத்துக்குத் தடை வாங்கினார். தங்கமான பிள்ளை என்று உன்னிடம் புகழ வரவில்லை. முன்கோபக்காரர்தான்.

ஆனால் பெருவின் வெள்ளைச் சட்டை, குறுக்கே அந்தச் சிவப்புப் பட்டை, அதைப் போட்டுவிட்டால் ஆளே வேறு. 2011, 2015, 2019 மூன்று கோப்பா அமெரிக்காவிலும், அதாவது தென் அமெரிக்க நாடுகளின் கோப்பைப் போட்டியிலும், அதிக கோல் அடித்தவர் பட்டியலில் அவர் பெயர் உச்சியில் இருந்தது, கடைசி இரண்டு முறையும் இன்னொருவரோடு சமமாக. கூபிய்யாஸ் என்கிற மகா ஆட்டக்காரர் பெருவுக்காக 26 கோல் வைத்திருந்தார், அதையும் இவர் தாண்டிவிட்டார். கோல்போஸ்டுக்கு முதுகைக் காட்டி நின்று, பின்னால் ஒரு முரடன் இடித்துக்கொண்டே இருக்க, நெஞ்சில் பந்தை வாங்கி மற்றவர்கள் ஓடி வரும்வரை பிடித்து வைத்திருப்பார் பார், அதை ரசிக்க ஒரு கண் வேண்டும். இப்போதைய பையன்களுக்கு அந்தப் பொறுமை இல்லை. சரி, கிழவன் புலம்பலை விடு.

2017 அக்டோபர். பெரு 1982க்குப் பிறகு உலகக் கோப்பைக்கே போனதில்லை. கொலம்பியாவுக்கு எதிராக லீமாவில் ஆட்டம், நமக்கு விடியற்காலை ஐந்து மணி. பெரு ஒரு கோல் பின்னால். கெரேரோவுக்கு ஒரு ஃப்ரீ கிக். அது இன்டைரக்ட், நேராகக் கோலுக்குள் போனால் செல்லாது, இன்னொருவர் தொட வேண்டும். அவர் நேராக அடித்துவிட்டார்! கொலம்பியா கோல்கீப்பர் ஒஸ்பினா சும்மா விட்டிருந்தால் ஒன்றும் இல்லை, அவர் தாவிக் கையால் தொட்டுவிட்டார். 1-1. உலகக் கோப்பைக்குப் போகக் கடைசி வாய்ப்பான ப்ளே ஆஃப் ஆட்டம் பெருவுக்குக் கிடைத்தது. நான் டம்ளரைத் தட்டிவிட்டேன், காபி எல்லாம் தரையில்.

அந்த ஆட்டத்துக்கு ஐந்து நாள் முன்னால் அர்ஜென்டினாவில் எடுத்த ஊக்கமருந்துப் பரிசோதனையில் கொக்கெய்ன் தடயம் இருந்ததாக நவம்பரில் செய்தி வந்தது. கொக்கெய்ன் எடுக்கிற அதே கோக்கா இலையில் போடும் தேநீர் பெருவில் நம் ஊர் சுக்குக்காபி மாதிரி, கடையிலேயே விற்கும். ஹோட்டலில் குடித்த தேநீரில் அது கலந்திருக்கிறது என்றார் அவர். உலகக் கால்பந்துச் சங்கமான ஃபிஃபா முதலில் ஒரு வருஷத் தடை போட்டு, பிறகு ஆறு மாதமாகக் குறைத்தது. நியூசிலாந்துக்கு எதிரான ப்ளே ஆஃபில் அவர் இல்லை. லீமாவில் அவருடைய சக ஆட்டக்காரர் ஃபர்ஃபான் கோல் அடித்துவிட்டு நேரே ஓடிப்போய்க் கெரேரோவின் ஒன்பதாம் நம்பர் சட்டையை முகத்தோடு வைத்துக்கொண்டு அழுதார். உலகக் கோப்பைக்கு ஒரு மாதம் இருக்கும்போது சுவிட்சர்லாந்தில் இருக்கிற விளையாட்டு நடுவர் மன்றம், வேண்டுமென்று செய்யவில்லை, ஆனாலும் கவனமாக இருந்திருக்கலாம் என்று சொல்லி, ஆறு மாதத்தைப் பதினாலு மாதமாக்கியது. அப்போதுதான் உலகக் கோப்பையில் முதல் சுற்றில் பெருவோடு மோதவேண்டிய மூன்று நாட்டுக் கேப்டன்களும், பிரான்சின் லோரிஸ், டென்மார்க்கின் கியர், ஆஸ்திரேலியாவின் யெடினாக், அவரை ஆட விடுங்கள் என்று ஃபிஃபாவுக்கு எழுதினார்கள். எதிராளி கேட்டது எனக்கு இன்றைக்கும் நம்ப முடியவில்லை. கடைசியில் மே 31 அன்று சுவிட்சர்லாந்து நீதிமன்றம் தடையை நிறுத்திவைத்தது, ரஷ்யா போனார். டென்மார்க்கிடமும் பிரான்சிடமும் 0-1 என்று தோற்று வெளியேறிவிட்டார்கள். ஆஸ்திரேலியாவோடு சோச்சியில் 2-0, முதல் கோலுக்குப் பந்து கொடுத்தவர் அவர், இரண்டாவதை அடித்தவரும் அவரே. உலகக் கோப்பையில் பெரு ஜெயித்தது 1978க்குப் பிறகு அன்றுதான். ஆகஸ்டில் தடை மறுபடி வந்து, மீதியை முழுசாக அனுபவித்துவிட்டு 2019 ஏப்ரலில்தான் களம் இறங்கினார், மூன்று மாதத்தில் ரியோவின் மரக்கானா மைதானத்தில் கோப்பா ஃபைனல்! பிரேசிலிடம் 3-1 என்று தோற்றார்கள், அந்த ஒரு கோல் இவர் அடித்த பெனால்ட்டி.

சாவ் பாவ்லோ, ரியோ, புவெனோஸ் ஐரிஸ், கீட்டோ என்று சுற்றிவிட்டு, 2024இல் நாற்பது வயதில் அலியான்சாவுக்குத் திரும்பினார். மாமன் ஆடின கிளப்புக்கு. இத்தனை ஊருக்கும் விமானத்தில்தானே போயிருப்பார், ஒவ்வொரு தடவையும் அந்தக் கதவு மூடுகிற சத்தம் கேட்டிருப்பாரே என்று அன்று ராத்திரி முழுக்க எனக்கு இதே யோசனை.

இன்னொன்று, சொல்லவே கூச்சமாக இருக்கிறது. நான் இதுவரை விமானத்தில் ஏறினதே இல்லை. தரையில் உட்கார்ந்துகொண்டு சிரிக்கிறேன். அம்மாவின் பாஸ்போர்ட் வந்துவிட்டது, என்னுடையது இன்னும் போலீஸ் விசாரணையில் இருக்கிறது. பொங்கலுக்கு நீ வரவேண்டாம், அவசரப்படவேண்டாம். ஏப்ரலில் நாங்கள் வருகிறோம். பருப்புப் பொடி, நார்த்தங்காய் ஊறுகாய் இரண்டும் கொண்டுவருகிறோம், வேறு என்ன வேண்டும் என்று அம்மாவிடம் சொல்.

ஜன்னல் ஓரம் உட்கார்ந்தால் பயம் அதிகமா, நடுவில் உட்கார்ந்தால் அதிகமா? டிக்கெட் போடும்போது கேட்பார்களாம்.

அப்பா