உலர்த்தி இடையில் நின்றால் உடனே ‘போட்’ மாற்றத்தான் வேண்டுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

ஐப்பசியில் வடகீழ்ப் பருவமழை தொடங்கிவிட்டால் தை பிறக்கும்வரை வன்னியில் கொடியில் போட்ட உடுப்பு ஒழுங்காகக் காய்வதில்லை. சலவை நிலையங்களும் ஏ-9 வீதியோரத் தங்குவிடுதிகளும் மட்டுமன்றி, வெளிநாட்டு உறவுகளின் உதவியால் சில வீடுகளும் இப்போது மின் உலர்த்தியை நாடுவதற்கு அதுவே காரணம். உடுப்பு ஈரமாக இருக்கும்போதே நின்றுவிடுவதும், காய்ந்த பின்னரும் நிற்காமல் ஓடிக்கொண்டிருப்பதும் இந்த இயந்திரங்களில் அடிக்கடி காணப்படும் கோளாறுகள். இரண்டுக்கும் எங்கள் திருத்துநர்கள் பலர் சொல்லும் மருந்து ஒன்றுதான்: “போட் போய்விட்டது, மாற்ற வேண்டும்.” வாடிக்கையாளரும் பல வாரங்கள் காத்திருந்து, கொழும்பிலிருந்து வரும் அந்தப் ‘போட்’டுக்கு, அதாவது இயந்திரத்தைக் கட்டுப்படுத்தும் மின்சுற்றுப் பலகைக்கு, பெருந்தொகை செலுத்துகிறார். மின்சாதனங்களைத் திருத்தும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில், அந்தச் செலவுக்கு முன்னர் செய்யவேண்டிய எளிய சோதனைகளை உங்கள் வாசகர்களுக்கு எடுத்துச் சொல்ல விரும்புகிறேன்.

தானியங்கி முறையில் இயங்கும் உலர்த்தி ஈரத்தை அறிவது மிக எளிமையான ஓர் ஏற்பாட்டினால் ஆகும். கதவைத் திறந்து உள்ளே குனிந்து பார்த்தால், உடுப்பிலிருந்து உதிரும் பஞ்சைப் பிடிக்கும் பஞ்சு வடி இருக்கும் இடத்துக்கு அருகில், விரலளவு நீளமான இரண்டு உலோகப் பட்டைகள் ஒன்றுக்கொன்று சமாந்தரமாகப் பொருத்தப்பட்டிருப்பது தெரியும். அவைதான் ஈர உணரி. சில தயாரிப்புகளில் சுழலும் உருளையே ஒரு மின்முனையாகப் பயன்படும். ஈரமான உடுப்பு இரண்டு பட்டைகளையும் ஒருசேரத் தொடும்போது அதனூடாக மிகச் சிறிய மின்னோட்டம் செல்கிறது. உடுப்பு காயக் காய மின்தடை கூடி, மின்னோட்டம் குறைந்து, ஒரு கட்டத்தில் ‘காய்ந்துவிட்டது’ எனப் பலகை முடிவெடுக்கிறது. ஆகவே பட்டைகளின் மேல் மின்னைக் கடத்தாத ஏதாவது படிந்தாலோ, அவற்றிலிருந்து பலகைக்குச் செல்லும் வயர் அறுந்தாலோ, சொட்டச் சொட்ட நனைந்த துவாயும் இயந்திரத்துக்குக் காய்ந்த துவாயாகவே தோன்றும். பலகை அப்போது பிழையாக எதுவும் செய்யவில்லை. தனக்குக் கிடைத்த பிழையான செய்தியின்படி நடக்கிறது.

எங்கள் பகுதியில் அப்படிப் படிபவை இரண்டு. ஒன்று, வாசனைக்காகவும் மென்மைக்காகவும் சலவையில் சேர்க்கப்படும் திரவம் விட்டுச்செல்லும் மெழுகு போன்ற படலம். அது கண்ணுக்குத் தெரியாது, நகத்தால் சுரண்டினால்தான் தெரியும். மற்றது சுண்ணாம்பு. கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிவதைக் கண்டவர்களுக்கு எங்கள் கிணற்றுநீரின் கடினத்தன்மையைப் பற்றி விளக்கத் தேவையில்லை. முதலாவதைச் சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் நனைத்த மென்மையான துணியாலும், இரண்டாவதை வினாகிரி தொட்ட துணியாலும் துடைத்து, பின்னர் நல்ல நீரால் ஒற்றி உலரவிட்டால் போதும். ஸ்பிரிட் தீப்பற்றக்கூடியது என்பதால், பிளக்கைக் கழற்றிவிட்டே துடைக்க வேண்டும். அதன் மணம் முற்றாகப் போன பின்னரே இயந்திரத்தை இயக்க வேண்டும். இரும்புப் பஞ்சோ அரத்தாளோ கொண்டு தேய்ப்பவர்களைக் கண்டிருக்கிறேன். கீறல் விழுந்த பட்டையில் அழுக்கு முன்னரிலும் விரைவாகப் பிடிக்கும்.

துடைத்த பின்னரும் கோளாறு நீங்காவிட்டால், நேரத்தைக் கணக்கிட்டு ஓடும் முறையில் இயந்திரத்தை இயக்கிப் பார்க்க வேண்டும். அம்முறையில் ஈர உணரிக்கு வேலையில்லை. அதில் உடுப்பு நன்றாகக் காய்ந்தால் வெப்பச்சுருளும் காற்றோட்டமும் சரியாக உள்ளன, கோளாறு ஈரத்தை உணரும் பாதையில்தான் இருக்கிறது எனக் கொள்ளலாம். அதிலும் காயாவிட்டால் உணரியை விட்டுவிட்டுப் பஞ்சு வடியையும் காற்று வெளியேறும் குழாயையும், நீரைத் தொட்டியில் சேர்க்கும் வகையாயின் ஈரக்காற்றைக் குளிரவைத்து நீராக்கும் அதன் ஒடுக்கியையும் பார்க்க வேண்டும். பஞ்சு வடியைத் தட்டிச் சுத்தம் செய்தால் மட்டும் போதாது. அதன்மேல் சிறிது நீரை ஊற்றினால் நீர் உடனே ஒழுகிப்போக வேண்டும். தேங்கி நின்றால் அங்கேயும் அந்த மெழுகுப் படலம் இருக்கிறது என்று பொருள்.

மல்டிமீற்றர் வைத்திருக்கும் திருத்துநர் இன்னும் ஒரு படி போகலாம். மின்னிணைப்பைத் துண்டித்து, பலகையிலிருந்து உணரியின் இணைப்பியைக் கழற்றி, பட்டைகளின் குறுக்கே நனைத்த துணியை வைத்து மின்தடையை அளந்தால் மானியில் ஓர் அளவு காட்ட வேண்டும். துணியை எடுத்தால் அது மறைய வேண்டும். பட்டைகளில் அளக்கும்போது காட்டும் அளவு இணைப்பியின் முனையில் காட்டாவிட்டால் இடையில் வயர் அறுந்திருக்கிறது. மழைக்காலத்தில் வெப்பம் தேடி இயந்திரத்துக்குள் புகும் எலிகளை இங்கே முதலில் சந்தேகிப்பது என் வழக்கம். துணி இல்லாதபோதும் தொடர்பு காட்டினால் எங்கோ குறுக்கிணைப்பு உண்டு. காய்ந்த பின்னரும் இயந்திரம் நிற்காததற்கு அது காரணமாகலாம். இவை எல்லாம் சரியாக இருந்தால்தான் பலகையைச் சந்தேகிக்க நியாயம் உண்டு.

பழுதே இல்லாமல் பழுதுபோலத் தோன்றும் சந்தர்ப்பங்களும் உள்ளன. இரண்டொரு சட்டைகளை மட்டும் போட்டால் அவை பட்டைகளைத் தொடாமலே சுழலும். பெரிய படுக்கைவிரிப்பு மற்ற உடுப்புகளைச் சுருட்டித் தனக்குள் வைத்துக்கொண்டால் வெளிப்புறம் மட்டும் காயும். பூநகரிப் பக்கத்து உவர்நீர் போன்று உப்புக் கூடிய நீர் மின்னை நன்றாகக் கடத்துவதால், அதில் துவைத்த உடுப்பு உள்ளதைவிட ஈரமானதாக உணரிக்குத் தோன்றக்கூடும். ஐரோப்பியத் தயாரிப்புகள் சிலவற்றில் நீரின் கடத்துதிறனுக்கேற்ப மாற்றிக்கொள்ளும் வசதி உண்டு. கையேட்டின் நடுவில் இருக்கும் அந்தப் பக்கத்தை விற்பனையாளர்களாவது தமிழில் சொல்லிக் கொடுக்கலாம்.

தொழில்செய்வோருக்கும் ஒரு வார்த்தை. இயந்திரம் சூடேறவே இல்லையென்றால் அது உணரியின் கோளாறு அல்ல. பெரும்பாலும் வெப்பச்சுருளோ வெப்ப உருகியோ போயிருக்கும். அந்த உருகியை நீக்கிவிட்டு வயரை நேரடியாக இணைத்துக் கொடுக்கும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. பஞ்சு எளிதில் தீப்பற்றும் பொருள். சூடு மிஞ்சும்போது மின்னைத் துண்டிக்க வைத்திருக்கும் காவலை அகற்றுவது வீட்டுக்குத் தீ வைக்க வழிசெய்வதாகும்.

வாடிக்கையாளர்கள் கேட்க வேண்டியவை அதிகமில்லை. பலகையை மாற்றுவதற்கு முன் உணரியைத் தங்கள் கண்முன்னே சோதித்துக் காட்டுமாறும், மாற்றினால் கழற்றிய பலகையைத் திருப்பித் தருமாறும், என்ன கோளாறு என்பதைப் பற்றுச்சீட்டில் எழுதுமாறும் கேட்கலாம். மறுக்கும் இடத்தில் இயந்திரத்தைக் கொடுக்காமல் விடலாம். பணம் கொடுத்த பின்னர் ஏமாற்றப்பட்டதாகக் கருதுவோர், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையிடம் அந்தப் பற்றுச்சீட்டுடன் முறையிடலாம்.

இங்ஙனம்,
மின்சாதனத் திருத்துநர் ஒருவர்,
பரந்தன்.